செத்தால் காட்சிப்பொருள், சுட்டால் வழக்கு

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்று ஒரு சின்ன ஊர். 1933இல் தொடங்கிய தேசிய மஸில் லோடிங் ரைபிள் சங்கத்துக்கு அதுதான் தலைமையிடம். வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கே பெரிய போட்டி நடக்கும். கூடாரம் போட்டுத் தங்கி, சிலர் கொள்ளுத்தாத்தா காலத்து உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு, குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்து, குறிப்பலகையைச் சுடுவார்கள். குடும்பம் குடும்பமாக வருவார்கள். அது ஒரு ஹாபி.

இதே மாதிரித் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கௌதாரியும் காடையும் தேடிப் போன ஆட்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்ப நகர் என்று நரிக்குறவர் குடியிருப்புகள் உண்டு. அங்கே வயசானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மருந்து எத்தனை, ரவை எத்தனை, எவ்வளவு இறுக்கிக் கெட்டிக்க வேண்டும் என்பதெல்லாம் கணக்குப் பாடம் மாதிரி வரும். ஆனால் இங்கே அதற்கு ஹாபி என்று பெயர் இல்லை. நாளிதழில் அதற்கு ஒரே தலைப்புதான்: நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர் கைது.

'அங்க சட்டம் வேற, இங்க சட்டம் வேற' என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்தத் துப்பாக்கியைப் பற்றி நம்மிடம் இருக்கிற எழுத்து ரொம்பக் குறைவு. சட்டப் பிரிவு இருக்கிறது, செய்தித்தாள் பத்தி இருக்கிறது, சினிமா இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரு வாசகனாகப் படித்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. வக்கீலாக இல்லை, ரசிகனாகவும் இல்லை.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

முதலில் பொருளைப் பார்ப்போம். இது ஒரு பக்கம் அடைத்த இரும்புக் குழல். அடைத்த முனையில் ஒரு சின்னத் துளை. வாய்வழியாக மருந்து, அதற்கு மேல் துணியோ நாரோ வைத்து ஓர் அடைப்பு, பிறகு ரவை, மறுபடி அடைப்பு. துளையின் மேல் ஒரு கேப்பு. விசையை இழுத்தால் குதிரை போய்க் கேப்பில் அடிக்கும், பொறி உள்ளே பாயும்.

கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும் சேர்ந்தது. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்து வேறு ஜாதி. அதன் அழுத்தம் மிக அதிகம், பழைய குழலில் அதைப் போட்டால் குழலே பிளந்துவிடும். கரிமருந்து வெடித்தால் வெள்ளைப் புகை மண்டும், அழுகின முட்டை வாடை வரும், எரிந்த மருந்தில் ஒரு பகுதி கசடாகக் குழலுக்குள்ளேயே தங்கும். அந்தக் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறும்.

ஒரு தடவை சுட்டால் அடுத்ததற்கு மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். அதனால் சுடுகிறவன் அவசரப்பட மாட்டான். கிட்டப் போகணும், மூச்சைப் பிடிக்கணும், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கணும். மழைக்காலத்தில் மருந்து நமுத்துப் போகும், கேப்பு வெடித்தும் மருந்து பிடிக்காமல் இருக்கும். அப்போது குழலை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்ப்பவன் முட்டாள். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களை இழுப்பது இந்த மெதுவான வேலைதான். பொத்தானை அமுக்கினால் எல்லாம் நடக்கிற காலத்தில், கை தெரிந்தவன் செய்தால்தான் வெடிக்கும் என்கிற ஒரு பொருள்.

இதில் ஒரு வேடிக்கை. கேப்பு வெடிக்கும் முறைக்கு வித்திட்டவர் ராணுவக்காரர் இல்லை. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் சர்ச்சுப் பாதிரியார், பெயர் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத். பறவை சுடுவதில் ஆசை உள்ளவர். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் வெளியே பளிச்சென்று ஒரு தீ, அப்புறம்தான் குண்டு. அந்த வெளிச்சத்தைப் பார்த்தே பறவை பறந்துவிடும். அதற்கு மாற்றாக, அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்துதான் பிறகு செம்புக் கேப்பு வந்தது. ஒரு குருவிக்காரப் பாதிரியாரின் பொழுதுபோக்கு அறிவியல் வரலாற்றில் ஏறிவிட்டது. எங்கள் ஊர்க் குருவிக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த மண்ணுக்கு மருந்து வாசனை புதுசு இல்லை

பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படும். பக்கத்திலேயே வாலிகண்டபுரம். கர்நாடகப் போர்களின்போது, 1751இல், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறு பக்கம் என்று இங்கேதான் மோதினார்கள். கிழக்கே அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாக இருந்தவை. அந்தக் காலத்தில் ஐரோப்பியப் படை வைத்திருந்தது சிக்கிமுக்கித் துப்பாக்கி. நம் பக்கத்தில் பெரும்பாலும் திரித் துப்பாக்கி. எரிகிற திரியைக் கொண்டுபோய் மருந்தில் தொட வைக்கும் அமைப்பு.

பாளையங்கள் ஒடுங்கின பிறகு ஊர்க்காரன் கையில் ஆயுதம் இருப்பது சர்க்காருக்குப் பிடிக்காத விஷயமாகிவிட்டது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் வாங்கச் சொன்னது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. அதாவது வேட்டை என்பது துரைக்கு விளையாட்டு. ஊர்க்காரனுக்கு அது சந்தேகத்துக்குரிய நடத்தை. சுதந்திரம் வந்தது, 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இனத்தைச் சொல்லிப் பிரிக்கும் வழக்கம் போனது. ஆனால் பழைய பிரிவினை வேறு ஓர் இடத்தில் ஒளிந்துகொண்டது என்பது என் வாசிப்பு.

ஒரு பிரிவு, ரெண்டு துப்பாக்கி

1959 சட்டத்தின் 13ஆம் பிரிவு, யாருக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அதில் ஒரே வாக்கியத்தில் ரெண்டு துப்பாக்கி வருகிறது. ஒன்று, குழல் குறைந்தது 20 அங்குலம் உள்ள, உள்ளே மழமழப்பான துப்பாக்கி. இது எதற்கு? தற்காப்புக்கு அல்லது விளையாட்டுக்கு. இன்னொன்று, வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. இது எதற்கு? உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு.

இதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படித்துப் பாருங்கள். தோட்டா போடும் துப்பாக்கியை வாங்கக் காசு உள்ளவனுக்கு 'விளையாட்டு' என்ற சொல் கிடைக்கிறது. மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரனுக்கு அந்தச் சொல் இல்லை. அவன் காவல் காக்கலாம், அதுவும் 'உண்மையாக'. அவன் அதை ரசிக்கக்கூடும் என்ற எண்ணமே சட்டத்தை எழுதியவர்களுக்கு வரவில்லை. ஏழையின் கையில் இருக்கும் கருவி வேலைக்கானது, அதில் இன்பம் எதற்கு என்கிற பார்வை இது. பிழை என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவ்வளவு இயல்பாக எழுதப்பட்டிருக்கிறது.

அந்த வேலையாவது மிஞ்சியதா? பெரம்பலூர் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மாவட்டம். மக்காச்சோளக் காட்டில் பன்றி இறங்கினால் என்ன ஆகும் என்று விவசாயியைக் கேட்டால் தெரியும். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர். ஆக, நாட்டுத் துப்பாக்கிக்குச் சட்டம் கொடுத்த ஒரே காரணமும் நடைமுறையில் கழன்று போயிற்று. விளையாட்டு முதலிலேயே கிடையாது, இப்போது பயிரும் இல்லை.

அதே சட்டத்தில் 45ஆம் பிரிவு இன்னொரு கதவைத் திறக்கிறது. வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதம், அதைச் சரிசெய்தாலும் சரிசெய்யாவிட்டாலும் சுட முடியாது என்றால், சட்டத்தின் பிடியிலிருந்து விலகிக்கொள்ளலாம். துளையை அடைத்து, குழலைக் கெடுத்து, சுவரில் மாட்டினால் அது பாரம்பரியம். சுடுகிற நிலையில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. இந்தத் தலைப்பை அங்கிருந்துதான் எடுத்தேன்.

திரையிலும் செய்தியிலும்

சட்டத்தில் இல்லாத இன்பம் சினிமாவில் கொட்டிக் கிடக்கிறது. 1968இல் வந்த 'ஒளி விளக்கு' எம்.ஜி.ஆருக்கு நூறாவது படம். அதில் அவரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேஷம் கட்டி ஆடும் பாட்டு இன்றைக்கும் ஓடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ படம். நரிக்குறவர் என்றால் ஊசிமணி, பாசிமணி, நரிக்கொம்பு, தோளில் ஒரு துப்பாக்கி, கொச்சையான தமிழ். அந்தத் துப்பாக்கி ஏன் அங்கே இருக்கிறது, எப்படி வெடிக்கும், யார் செய்தது என்று ஒரு படமும் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. வேஷத்துக்கு வேண்டியது அதன் உருவம் மட்டும்.

செய்தித்தாளில் நேர் எதிர். அங்கே துப்பாக்கி மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். 'ரோந்து சென்றபோது', 'சந்தேகத்துக்கு இடமாக', 'பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்' என்று மூன்று சொற்றொடருக்குள் கதை முடிந்துவிடும். அது பிரம்மாண்டமான பழைய குழலா, போன மாதம் தண்ணீர்க் குழாயில் செய்ததா என்று தெரியாது. கொலைக்காகச் செய்த ஒன்றும் காடைக்காக வைத்திருந்த ஒன்றும் ஒரே பெயரில் வரும். 'நாட்டு' என்ற முன்னொட்டு மாட்டுக்கும் கோழிக்கும் வந்தால் இப்போதெல்லாம் விலை கூடுகிறது. துப்பாக்கிக்கு வந்தால் மட்டும் குற்றம் கூடுகிறது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு காட்சி. 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் கலந்துகொள்ள வந்தார். அவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, அது நல்ல விளையாட்டு, முறையான இடத்தில் நடக்கிறது. ஆனால் பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், துப்பாக்கியை ரசிப்பது கௌரவமான விஷயமாக இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. துப்பாக்கி சுடுவது மட்டுமே சமூகத்துக்கு உறுத்தல் இல்லை. யார், எந்தத் துப்பாக்கியால் என்பதுதான் உறுத்துகிறது.

வேறு இடங்களில் எப்படி?

ரொம்பத் தூரம் போக வேண்டாம், குடகுக்குப் போவோம். 1861இல் மைசூர், குடகு ஆணையராக இருந்த மார்க் கப்பன், விசுவாசத்துக்குப் பரிசாகக் குடகர்களுக்கு ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தார். அந்த விலக்கு ஏதோ ஒரு வடிவில் இன்றுவரை நீடிக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை மேலும் 10 வருஷத்துக்கு நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை செய்கிறார்கள். அங்கே துப்பாக்கி பண்பாடு. இதைச் சாத்தியமாக்குவது அதே ஆயுதச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. பொதுநலன் கருதி ஒரு பிரிவினருக்கு விலக்குத் தர மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது.

ஜப்பானில் இன்னொரு வழி. 1543இல் தானெகஷிமா தீவுக்குப் போர்த்துக்கீசியர் வழியாகத் திரித் துப்பாக்கி வந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளை இன்று அங்கே கலைப்பொருளாகப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்வது வட்டாரக் கல்விக் குழு. மருந்து வாங்கிச் சுட வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி. கோட்டைத் திருவிழாக்களில் கவசம் அணிந்து வரிசையாக நின்று சுடுவார்கள். சர்வதேசப் போட்டியில் ஒரு பிரிவுக்கே தானெகஷிமா என்று பெயர். பழைய துப்பாக்கியை முதலில் கல்வித் துறை பார்க்கிறதா, காவல் துறை பார்க்கிறதா என்பதில் எவ்வளவு வித்தியாசம் வந்துவிடுகிறது!

குடகு உதாரணத்தை அப்படியே இங்கே தூக்கி வைக்கச் சொல்லவில்லை. அது பிரிட்டிஷாருக்குக் காட்டிய விசுவாசத்தின் பலன். நிலம் வைத்திருந்த சமூகத்துக்குக் கிடைத்தது. நிலமே இல்லாமல் அலைந்தவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு எழுதப்படவே இல்லை. நரிக்குறவர், குருவிக்காரர் பெயர் பழங்குடிப் பட்டியலில் சேர 2022 டிசம்பர் வரை நாடாளுமன்றத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்க்கேள்விகள்

இதைப் படிக்கிறவர் கேட்கக்கூடியது: அப்போ வேட்டையைத் திரும்பக் கொண்டு வரச் சொல்றீங்களா?

இல்லை. அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 1999இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி அங்கே வருகிறது. அதன் மேல் ஒரு ரவைகூட விழக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கௌதாரிக்கும் அதேதான். வேட்டையோடு சேர்த்துத்தான் இந்தத் திறமை வளர்ந்தது என்பதற்காக வேட்டையோடு சேர்ந்தே சாக வேண்டும் என்பதில்லை. வில்வித்தையும் வேட்டையிலிருந்து வந்ததுதான், இன்று ஒலிம்பிக்கில் இருக்கிறது.

ரெண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. கரிமருந்து விளையாட்டுப் பொருளா? 2023 அக்டோபரில் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் வெடி தயாரிக்கும் இடத்தில் நடந்த விபத்தில் பலர் உயிரிழந்தார்கள். வீட்டில் மருந்து இடிப்பது, பழைய குழாயைத் துப்பாக்கி ஆக்குவது இதெல்லாம் சட்டப்படி குற்றம் மட்டும் இல்லை, உயிருக்கே ஆபத்து. நாட்டுத் துப்பாக்கியால் தோட்டத் தகராறில் செத்தவர்களும் உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பாரம்பரியம் பேசுவது அயோக்கியத்தனம்.

ஆனால் இந்த ஆபத்துக்கான பதிலும் ஃப்ரெண்ட்ஷிப் ஊரில் இருக்கிறது. அங்கே மருந்து தொழிற்சாலையில் தரம் பார்த்துச் செய்தது. சுடும் இடம் வேலி போட்டது, மேற்பார்வை உள்ளது. புதியவருக்குத் தெரிந்தவர் கற்றுத் தருகிறார். திறமையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால் விதிமுறை வரும். மறைவில் தள்ளினால் தண்ணீர்க் குழாய்தான் வரும்.

என் தரப்பு

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. 13ஆம் பிரிவில் கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் 'விளையாட்டு' என்ற சொல்லைச் சேர்க்கலாம். திருச்சி மாதிரி ஏற்கனவே இருக்கும் ஒரு சுடுதளத்தில், உரிமம் பெற்ற பழைய துப்பாக்கிகளை வருஷத்துக்கு ஒரு நாள் குறிப்பலகையில் சுட அனுமதிக்கலாம். அன்றைக்குக் கற்றுத் தருகிறவராக ஒரு நரிக்குறவப் பெரியவர் நிற்கட்டும், அதற்குச் சம்பளமும் வாங்கட்டும். வழக்கில் பறிமுதல் ஆகும் குழல்களை, அழிக்கும் முன், அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒருவர் பார்த்து, படம் எடுத்து, அளவு குறித்து வைக்கட்டும். இதற்கெல்லாம் சர்க்கார் மனசு வைக்க வேண்டும், காலம் ஆகும்.

சர்க்காரைக் கேட்காமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசுவது வாக்ரிபோலி. இந்தோ ஆரிய மொழி, தனக்கென்று எழுத்து இல்லாதது. அந்த மொழியில் குழலுக்கு என்ன சொல், குதிரைக்கு என்ன சொல், நமுத்த மருந்துக்கு, பிடிக்காத கேப்புக்கு, தப்பிய குறிக்கு என்ன சொல்? இதைக் கேட்டு எழுத உரிமம் வேண்டாம். பேச்சைப் பதிவு செய்ய ஒரு செல்போன் போதும். ஆனால் கேட்கப் போகிறவர் போலீஸ் ஆள் இல்லை என்று அவர்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வர நாலு தடவையாவது சும்மா போய் டீ குடித்துவிட்டு வர வேண்டியிருக்கும். பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் தமிழோ வரலாறோ படிக்கிற யாராவது இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால், என்னிடம் இருக்கிற குறிப்புகளையெல்லாம் தருகிறேன். அந்தச் சொற்களைத் தெரிந்தவர்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது.